முழங்காலில் உட்கார்ந்திருப்பவர்கள்

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் நலம். நீயும் உன் வீட்டாரும் உங்கள் மூட்டுகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

என் மகளைத்தான் உனக்குத் தெரியுமே, பிடிவாதத்தில் அப்படியே உன் அண்ணன். மாதக் கடைசிக்குள் நான் கைத்தடியில்லாமல் படி ஏறி இறங்காவிட்டால், இந்த இரண்டாம் மாடி வீட்டைக் காலி செய்து, அவள் வீட்டில் துணி தேய்க்கும் அறையில் என்னைக் குடிவைப்பதாகச் சொல்லிவிட்டாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ஊசி, மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாயிற்று என்பதால், உடல், மனம், உணவு, உறக்கம் அத்தனையையும் சேர்த்து வைத்தியம் பார்க்கிற ஒரு நல்வாழ்வு வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சியாளர் என் பேத்தி வயதுப் பெண். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வலி முழங்கால்ல இல்லம்மா. நீங்க இன்னும் மன்னிக்காதவங்க எல்லாரும் அங்க வந்து உக்காந்திருக்காங்க" என்றாள். அத்தனை பேர் உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

தினமும் ஒருவரை மனதுக்குள் மன்னிக்கச் சொன்னாள். மனதுக்குள் செய்ததற்கு யார் சாட்சி? கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். மன்னிப்பதென்றால் எதிரில் நின்று, குற்றத்தைத் தெளிவாகச் சொல்லித்தான் மன்னிப்பேன். கீழ்வீட்டுத் தலைமையாசிரியர் என் செய்தித்தாளை எனக்கு முன்பே படித்துவிட்டு மடிக்கத் தெரியாமல் மடித்து வைப்பதை மன்னித்தேன். அவரோ, நான் மேலே நாற்காலி இழுக்கிற சத்தத்தைத் தான் மன்னிக்கப் போவதில்லை என்று கதவைச் சாத்தினார். சரி என்று தையற்காரரிடம் போய், என் ரவிக்கைக்குக் கை ஒன்று நீளம், ஒன்று குட்டையாகத் தைத்ததை வாடிக்கையாளர்கள் முன்னிலையில் மன்னித்தேன், அவர்கள் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள், அவர் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தார், நான் கொஞ்சம் வேகமாகவே நடந்தேன். பல் மருத்துவரை அவர் ஒருவர் வாய்க்குள் விரல் வைத்திருந்த நேரத்தில் மன்னித்தேன். வாயைத் திறந்திருந்தவர் சிரிப்பு தாங்காமல் மருத்துவரின் விரலைக் கடித்துவிட்டார். இப்போது என் தலையைக் கண்டாலே தெருவில், "மன்னிக்க வர்றாங்கப்பா" என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குகிறார்கள்.

இத்தனை அலைச்சலில் வலி முக்கால்வாசி போய்விட்டது. மீதி அசைய மறுக்கிறது. யாரோ ஒருவர் பாக்கி இருக்கிறார் என்கிறாள் பயிற்சியாளர். யோசித்துப் பார்த்தேன். அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது நீதான். ஆகவே, என் கல்யாணத்தன்று கூட்டத்தின் நடுவே, "அண்ணி அண்ணனைவிடப் பெரியவங்க போலிருக்கே" என்று நீ சொன்னதை இக்கடிதத்தின் வாயிலாக முழு மனதோடு மன்னிக்கிறேன். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன்னை மன்னித்துவிட்ட அண்ணி

பி.கு.: உறையில் பசை தடவும்போது உன் தொலைபேசி வந்தது. உன் இடுப்பு வலிக்கு நீயும் இப்படியொரு வகுப்பில் சேர்ந்திருக்கிறாயாம். "அண்ணி, உங்கள மன்னிச்சிட்டேன்" என்றாய். எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாய். என்னை மன்னிக்க நீ யார்? நேரில் வந்தே கேட்டுவிடலாம் என்று இறங்கிப் போய் வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், கைப்பையும் கைத்தடியும் மேலேயே இருப்பது தெரிந்தது. திரும்ப ஏறினேன். படியில் எதிர்ப்பட்ட மகள், "அம்மா, தடி எங்கம்மா?" என்றாள். "தடி எதுக்குடி, உங்க அத்தைய அடிக்கவா?" என்று கேட்டுவிட்டு மேலே போனேன். அவளும் பின்னாலேயே ஏறி வந்தாள். தன் வீட்டு அறையில் இனியும் துணியே தேய்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். ஆகவே, மேலே கண்ட மன்னிப்பு ரத்து. நீயும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு, என்னைப் படியேற்றிய கோபத்தைத் தணித்துத் தொலைத்துவிடாதே. எனக்கு இந்த வீடு வேண்டும்.