குறுக்கு ராவுத்தர் கூட்டிய கூட்டம்

அழைப்பு அனுப்பாமல், நாற்காலி போடாமல், ஒருவரும் பாதியில் எழுந்து போகாதபடி கூட்டம் நடத்தத் தெரிந்தவர் பழனி மலைத்தொடரிலேயே குறுக்கு ராவுத்தர் ஒருவர்தான். பிற்காலத்தில் பல கம்பெனிக் கூட்டங்களில் உட்கார்ந்து தூங்குகிறவர்களை எண்ணியிருக்கிறேன். ராவுத்தர் கூட்டத்தில் தூங்கியவர்கள் பூஜ்யம். தூங்கினால் பள்ளத்தில் விழவேண்டியிருக்கும்.

ஆடலூர், பாச்சலூர் தோட்டங்களிலிருந்து காபியும் மலைவாழையும் அப்போதெல்லாம் பொதிக்குதிரையில்தான் இறங்கும். ராவுத்தருக்கு யாரிடமாவது பேசவேண்டியிருந்தால், ஒற்றையடிப் பாதையில் தன் குதிரைகளைக் குறுக்கே நிறுத்திவிடுவார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பொதி ஏற்றிய குதிரையைத் திருப்ப முடியாது. பேச்சு முடிந்தால்தான் வழி. ஒருமுறை சம்பந்தம் பேசவே பாதையை மறித்தாராம். பெண் வீட்டார் பாறையைப் பார்த்தார்கள், பள்ளத்தைப் பார்த்தார்கள், சம்மதித்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் மலைமேல் தார்ச்சாலை ஏறியது. பின்னாலேயே லாரி வந்தது. நான் அப்போது ஒட்டன்சத்திரம் மண்டியில் குமாஸ்தா. சரக்குப் பார்க்க அந்த லாரியில்தான் போவேன். மலையில் இருந்தவை முப்பத்திரண்டு குதிரைகள். ராவுத்தருக்குப் பன்னிரண்டு, ஆடலூர் மாயாண்டிக்குப் பத்து, பாச்சலூர் கருப்பையாவுக்குப் பத்து. தோட்டத்திலிருந்து சாலை வரைதான் இனி குதிரைக்கு வேலை. அந்த வேலைக்காக மாயாண்டி கூலியைக் குறைத்தார். கருப்பையா அதற்கும் கீழே குறைத்தார். லாரி முதலாளி சிரித்துக்கொண்டே இருவரையும் மாறிமாறிக் கூப்பிட்டார்.

ராவுத்தர் இருவரையும் பாதையில் மறித்தார்.

"மாமா, வழியை விடுங்க. சோலி கெடக்கு," என்றார் மாயாண்டி.

"இப்பிடியே கூலியைக் கொறைச்சிக்கிட்டுப் போனா, நாளைக்கு நீ முதலாளிக்குக் கூலி குடுக்கணும் மாப்ளே."

"மொதல்ல கொறைச்சது அவந்தான்!" என்றார் கருப்பையா.

"நீ ரெண்டாவதா கொறைச்ச. பெரிய யோக்கியன்! மூணு பேரும் ஒரே கூலின்னு சொல்லுங்க, வழி விடுறேன்."

வெயில் உச்சிக்கு வந்தபோது மாயாண்டியின் குதிரை, கருப்பையாவின் வாழைத்தாரைத் தின்னத் தொடங்கியது. அதற்குமேல் கருப்பையாவால் தாங்க முடியவில்லை. ஒரே கூலி என்று முடிவாயிற்று.

மறுநாள் கொண்டையூசி வளைவில் எங்கள் லாரி நின்றது. முன்னால் முப்பத்திரண்டு குதிரைகள் குறுக்கே. நான் இரண்டு முறை எண்ணினேன்.

"யோவ், ஒதுக்குய்யா!" என்று கத்தினார் முதலாளி.

"ஒதுக்கிருவோம் முதலாளி. வெரசா ஒரு பேச்சு. உங்க லாரி தோட்டத்துக்குள்ள எறங்காது. எங்க குதிரை ஒட்டன்சத்திரத்துக்கு உங்களை முந்தாது. எங்க மூணு பேருக்கும் ஒரே கூலி, சேந்து ஓட்டுவமா?"

முதலாளி ஆரன் அடித்தார். குதிரைகள் காதை மட்டும் அசைத்தன. பின்னால் பள்ளம். டிரைவர் ரிவர்ஸ் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசியில் முதலாளி இறங்கி வந்தார்.

"கூலிக்குச் சம்மதம். ஆனா இருபது குதிரைக்குத்தான் வேலை இருக்கு. மிச்சத்தை நீங்களே கழிச்சிக்கங்க."

மாயாண்டியும் கருப்பையாவும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். முதல் நாள் கட்டிய ஒற்றுமை அங்கேயே அவிழ்ந்துவிடும் போலிருந்தது. ராவுத்தர் தன் முன்குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"என்னோட பன்னெண்டையும் கழிச்சிக்கங்க," என்றார்.

"அப்ப ஒங்க பொழப்பு, மாமா?" என்றார் மாயாண்டி.

"லாரியில பொதி ஏத்தி எறக்க ஆள் வேணாமா? நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டா வெலக்கிவிட ஆள் வேணாமா? நான் லாரியில ஏறிக்கிறேன். என்ன முதலாளி?"

முதலாளி வளைவையும் குதிரைகளையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

குதிரைகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த வாரம் ராவுத்தர் லாரியில் ஏறினார். மோட்டாரில் ஏறுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. மலையையே மறித்த மனிதர் இரண்டாவது வளைவில் கண்ணை மூடினார், மூன்றாவதில் வாந்தி எடுத்தார். "குதிரை இப்பிடிச் செய்யாது தம்பி," என்று முனகினார். ஆனாலும் மறுநாள் வெள்ளனே வந்து சாலையோரம் நின்றார். அதற்கு மறுநாளும்.

ஜன்னலோர இடத்தை நான் என் தகப்பனாருக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. அந்த மலைச்சாலையில் போன அத்தனை வருஷமும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன், ராவுத்தரின் முதுகைத் தடவிக்கொண்டே.