பதினான்கு பலகாரமும் ஒரு குட்டி விமானமும்

அன்புள்ள தங்கை மார்கிட்டுக்கு,

அண்ணன் பிரேபென் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி கெர்டாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும், வரப்போகிற மாப்பிள்ளை ஸ்டெல்லனின் சௌக்கியத்துக்கும் (அவர் ஸ்வீடன்காரர் என்பதை மறந்துவிட்டு) ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் சௌக்கியம் இந்த வசந்தத்தில் அளவுக்கு மீறிப் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாம். நீ அழுதால் எனக்குத் தாங்காது, திட்டினால் அதைவிடத் தாங்காது. ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

வருகிற சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். ஐம்பத்தாறு வயதில் முதல் கல்யாணம். அப்பா இல்லாத குறை தெரியாமல் உன் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் நான்தான் அழைத்துப்போக வேண்டும் என்றாய். சொன்ன வாயோடு, "அண்ணா, உன் ஆயுசுல ஒரே ஒரு தடவை நேரத்துக்கு வந்துடு, போதும்" என்றும் சொன்னாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படகில் எவன் வேண்டுமானாலும் ஸ்வீடனிலிருக்கும் உன் கோட்லாந்துத் தீவுக்கு வருவான், உன் அண்ணன் ஆகாயத்திலிருந்து இறங்குவான் பார் என்று சவால் விட்டேன். அந்த வாயைத்தான் இப்போது எதைக் கொண்டு அடைப்பது என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் விமானச் சங்கத்தில் மூன்றே உறுப்பினர்கள். வெர்னர் தலைவர், மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களில் விமானம் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள். எய்னார் பொருளாளர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நான் செயலாளர். மூன்று டென்மார்க்காரர்கள் ஒரே இடத்தில் மழைக்கு ஒதுங்கினால் மழை விடுவதற்குள் சங்கம் தொடங்கிவிடுவோம் என்பது உனக்குத் தெரியும். எங்களிடம் விமானமும் இருக்கிறது என்பதுதான் விசேஷம். நான்கு இருக்கை, ஒற்றை இன்ஜின், மழைக்காலத்தில் லேசாக ஒழுகும். உன் கல்யாணத்தைச் சொன்னதுமே வெர்னருக்குக் கற்பனை பறக்க ஆரம்பித்துவிட்டது. போனோம் வந்தோம் என்று இருக்கலாமா, வார இறுதியில் வட ஐரோப்பாவையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை போர்ன்ஹோம் தீவில் தங்கல், சனிக்கிழமை உன் கல்யாணம், ஞாயிறு காலை எஸ்தோனியா, மதியம் பின்லாந்தில் மீன் சூப், சாயங்காலத்துக்குள் வீடு. முன்னால் வெர்னரும் நானும், பின்னால் எய்னார், நான்காவது இருக்கையில் வழிக்குச் சாப்பாடு. ஒருமனதாக நிறைவேறியது.

இந்த அளவுக்குப் பெரிய பயணமென்றால் கூடிப் பேசாமல் முடியுமா? கூடிப் பேசினால் காபி வேண்டாமா? நம் தெற்கு யூட்லாந்தில் காபி என்றால் வெறும் காபியா? மெத்தென்று ஏழு, மொறுமொறுவென்று ஏழு, ஆகப் பதினான்கு வகைப் பலகாரம் மேஜையில் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு மரியாதை ஏது! பதினான்கிலும் கைவைக்காமல் எழுந்தால் விருந்தாளிக்கு மரியாதை ஏது! கூட்டமெல்லாம் நம் வீட்டில்தான், ஏனென்றால் வெர்னரும் எய்னாரும் தனிக்கட்டைகள். கெர்டா சுட்டுச் சுட்டு வைத்தாள், நாங்கள் திட்டமிட்டுத் திட்டமிட்டுத் தின்றோம். ஒரு தடவை, பாவம், கை ஓய்ந்துபோய் வெறும் காபியை மட்டும் கொண்டுவந்து வைத்தாள். எய்னார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "வீட்டுல ஏதாவது துக்கமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அன்றைக்கே மறுபடி அடுப்பு மூட்டினாள்.

குட்டி விமானத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஆட்களின் எடை, மூட்டையின் எடை, பெட்ரோலின் எடை எல்லாம் சேர்ந்து ஒரு எல்லைக்குள் இருக்கவேண்டும். ஆள் கூடினால் பெட்ரோலைக் குறைக்கவேண்டும். முதல் கூட்டத்தில் ஆளாளுக்குத் தங்கள் எடையைச் சொன்னோம். பட்டாளத்தில் சேர்ந்தபோது இருந்த எடையை நான் சொன்னேன். மற்ற இருவரும் சொன்னதைக் கேட்டபோது அவர்கள் பட்டாளத்தில் சேருவதற்கும் முந்தைய எடையைச் சொல்கிறார்கள் என்று பட்டது, ஆனாலும் நாகரிகம் கருதிக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அந்தக் கணக்குப்படி நாங்கள் வடதுருவம் வரைக்கும் போய்வரலாம். வெர்னருக்குத்தான் என்னவோ உறுத்தியது. பழைய பழக்கத்தில் ஒரு பண்ணையிலிருந்து பன்றி நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்.

யார் முதலில் ஏறுவது? ஒருத்தன் எடை மற்றவனுக்குத் தெரிந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? நம் ஊரில் ஒருவன் மற்றவனைவிட உசத்தி என்று இருக்கக்கூடாது, அதுபோல ஒருவன் மற்றவனைவிடக் கனம் என்றும் இருக்கக்கூடாது. கடைசியில் எய்னார் ஒரு வழி சொன்னார். விமானத்துக்கு வேண்டியது மொத்த எடைதானே, மூன்று பேரும் ஒன்றாக ஏறி நிற்போம், மூன்றால் வகுத்துக்கொள்வோம். கைகோத்துக்கொண்டு ஏறினோம். முள் போய் நின்ற இடத்தை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எய்னார் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "பின்லாந்து போச்சு" என்றார். அன்றிலிருந்து கூடுதல் எடை மற்ற இரண்டு பேருடையது என்று மூன்று பேருமே நிம்மதியாக இருந்துவிட்டோம். யாரும் ஒரு துண்டு குறைக்கவில்லை.

அப்புறம் கூட்டத்துக்குக் கூட்டம் தராசு, கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு நாடு குறைந்தது. செர்ரிக் கேக் வாரத்தில் எஸ்தோனியா போயிற்று. வெண்ணெய் பிஸ்கட்டில் போர்ன்ஹோம் தங்கல் போயிற்று. மூட்டையில் கைவைத்தோம். உனக்கு வாங்கிய இரும்புச் சட்டியை எடுத்துவிட்டு மூடியை மட்டும் வைத்தேன். பிறகு மூடியும் போனது. உனக்காக எழுதிய கல்யாணப் பேச்சைச் சுருக்கிச் சுருக்கி "வாழ்க" என்ற அளவில் கொண்டுவந்து நிறுத்தினேன். வெர்னர் தாடியை மழித்தார். நான்காவது இருக்கையில் வைக்கும் சாப்பாட்டை எடுத்துவிடலாமே என்று கெர்டா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். சங்கத்தில் அவள் உறுப்பினர் இல்லை என்பதால் அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சமாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அங்கங்கே இறங்கி ஏறலாம் என்றேன் நான். எய்னார் தலையிலடித்துக்கொண்டார். இறங்குகிற இடத்திலெல்லாம் அந்தந்த ஊர்ச் சங்கத்துக்காரன் காபிக்குக் கூப்பிடுவான், மாட்டேன் என்றால் பகை, சரி என்றால் எடை, மூன்றாவது ஊரைத் தாண்டி எழும்பவே முடியாது என்று நிரூபித்துவிட்டார். எய்னார் ஒருவரை விட்டுவிட்டுப் போகலாமா என்ற யோசனை எனக்கு வராமலில்லை. ஆனால் போனால் மூன்று பேரும், இல்லாவிட்டால் யாருமில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, அதைக் குறிப்பிலும் நானே எழுதித் தொலைத்திருந்தேன்.

நேற்று வெள்ளோட்டம். வெர்னர் இன்ஜினை முழு வேகத்தில் விட்டார். ஓடுபாதை முடிந்தது, எங்கள் ஓட்டம் முடியவில்லை. வேலி இல்லாத பக்கம் பார்த்துப் பக்கத்துப் பார்லி வயலுக்குள் போய், வயலைத் தாண்டி, பஞ்சாயத்து ரோட்டில் ஏறி ஓடிக்கொண்டிருந்தோம். சைக்கிளில் போன ஒரு பாதிரியார் அம்மாள் மணியடித்துக்கொண்டு எங்களை முந்திப்போனார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் நின்றோம். வயல்காரர் துரத்திக்கொண்டு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தால், வந்ததுதான் வந்தீர்கள் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். அவர் மனைவி மேஜையில் எத்தனை வகை வைத்தாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? திரும்பி வந்து தராசில் ஏறினோம். இப்போதைய நிலையில் ஏற்றக்கூடிய பெட்ரோலுக்கு விமானம் ஓடுபாதையின் பாதி வரைக்கும் போகும் என்கிறார் எய்னார்.

படகு இருக்கிறதே என்பாய். இன்று காலை கேட்டேன். கோடை விடுமுறைக் கூட்டத்தில் ஒரு டிக்கெட் கிடையாது, பயணிகள் விமானத்திலும் கிடையாது. மார்கிட், என் கண்ணே, உன் கையைப் பிடித்து அழைத்துப்போக நான் வரப்போவதில்லை. உன் ஒரே ஒரு ஆசையைக் கெடுத்துவிட்டேன். எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது. ஸ்டெல்லனின் தம்பி யாராவது இருந்தால் அவரைக் கேட்டுக்கொள். ஸ்வீடன்காரர் கையாக இருந்தாலும் பரவாயில்லை, நேரத்துக்கு வருகிற கையாக இருக்கும்.

மணமக்கள் இருவரும் நீடூழி வாழ ஆண்டவன் அருள்புரியட்டும். சம்பந்தி வீட்டாருக்கு என் மரியாதையும், அவர்கள் வளர்க்கும் ஆடுகளுக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
முகத்தைக் காட்ட முடியாத அண்ணன்,
பிரேபென்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிப் போன நேரத்தில் கெர்டா கடிதத்தைப் படித்துவிட்டாள். இன்று சனிக்கிழமை விடிந்ததும், உன் கல்யாணத்துக்கென்று சுட்டு வைத்திருந்த பதினான்கு வகையையும் விமானக் கொட்டகைக்கே எடுத்துவந்து எய்னார் முன்னால் பரப்பினாள். "எய்னார், நீங்க இவங்களோட ஏறிப் போகணுமா, இல்ல நாங்க வர்ற வரைக்கும் இதுக்குக் காவலா இருக்கணுமா?" என்றாள். எய்னார் கணக்கெல்லாம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தீர்மானம் என்று நான் இழுத்தேன். "சங்கத்துல எனக்கு ஓட்டு இல்லதான். ஆனா அடுப்பு என்னுது" என்றாள். தீர்மானம் ரத்து. பிறகு தராசில் தனியாக ஏறி நின்றாள். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது, தீவு வரைக்கும் பெட்ரோலுக்கு இடம் வந்துவிட்டது. இத்தனை மாதம் சுட்டவள் ஒரு வாய் தின்ன உட்கார்ந்ததில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "நாலு சீட்டு இருந்துது. அதுல என்னைக் கூப்பிடணும்னு உங்க மூணு பேருக்கும் தோணவே இல்லையே" என்று மட்டும் சொன்னாள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. வெர்னர் அவள் விமானத்தில் ஏற ஏணியைப் பிடித்துக்கொடுத்தார்.

இதை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே கடல் முடிந்து உன் தீவு தெரிகிறது. கெர்டா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், திரும்பியே பார்க்க மாட்டேன் என்கிறாள். உனக்குத் தபால்காரர் வரமாட்டார், நானேதான் கையில் கொடுப்பேன். ஒரே ஒரு விஷயம். உன் மாமியார் வீட்டில் காபிக்குப் பெரிய ஏற்பாடு என்று நீ சொன்ன ஞாபகம். அப்படியானால் திரும்பிப் போக எங்களால் எழும்ப முடியாது, இலையுதிர்காலம் வரைக்கும் மூன்று பேருக்குப் படுக்கை போட்டுவை. இப்போது கையை நீட்டு. நேரத்துக்கு வந்துவிட்டேன்.