பெற்ற தாயானாலும் கார்டு வேண்டும்

சங்கரன்கோவிலில் பெற்ற தாயிடமே "நீங்கதான் அம்மாங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் நர்சரிப் பள்ளி வாட்ச்மேன்தான். நேபாளத்துக்காரர். பிள்ளைகளுக்கு செக்கிங் மாமா. எங்களுக்கு வெறும் செக்கிங்.

பிள்ளையைக் கூட்டிப் போக வருகிறவர்களுக்குப் பள்ளியில் போட்டோ ஒட்டிய கார்டு ஒன்று தருவார்கள். எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். முதல் வாரத்தோடு எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள். செக்கிங் மறக்கவில்லை. காலையில் வணக்கம் சொல்லிப் பிள்ளையைக் கையில் வாங்கி, மூக்கையும் துடைத்துவிட்டவர், அதே அம்மாவிடம் மதியம் கார்டு கேட்பார். போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்.

ஒருநாள் என் கணவர் போனார். நான்கு வயது நிலா "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். செக்கிங் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"பிள்ளையே அப்பாங்குதுல்லா?"

"சின்னப்பிள்ள யாரை வேணாலும் அப்பாங்கும் அண்ணாச்சி. கார்டு?"

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கற்ற தமிழ். குறை சொல்ல முடியாது. என் கணவர்தான் அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை, சந்தேகத்தைக் கிளப்பியதே நான் என்பது போல.

கார்டு சரியாக இருந்தாலும் உடனே விட மாட்டார். பிள்ளை நிமிர்ந்து நின்று தன் பேர், அப்பா பேர், ஊர், தெரு எல்லாம் ஒப்பிக்க வேண்டும். தேர்க்கூட்டத்தில் தொலைந்துபோனால் சொல்லத் தெரிய வேண்டுமாம்.

நான் பயந்த சுபாவம். கார்டு, கார்டுக்கு ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கு பிளாஸ்டிக் உறை. கிளம்பிய பிறகும் தெருமுனையில் நின்று பையைத் திறந்து பார்ப்பேன். அப்படியும் ஒருநாள் பை மாறிப்போனது. மற்ற அம்மாமார் வேடிக்கை பார்க்க, "தினமும் பாக்கீங்க, என்னைத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் அக்கா. கார்டு?"

வெயிலில் வீட்டுக்கு நடந்துபோய் எடுத்து வந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன்.

பிறகு பள்ளியில், அடுத்த மாதம் முதல் சம்பளம் பேங்க் வழியாகத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கணக்கு இல்லையென்றால் வேறு ஆள்தான் பார்க்கணும் என்றார் தாளாளர், வருத்தத்தோடுதான். செக்கிங்கிடம் ஆதார் கிடையாது. இருந்தது நேபாளக் குடியுரிமைச் சான்று ஒன்று, ஓரமெல்லாம் உப்பிய லேமினேஷனோடு. அதோடு பள்ளி கொடுத்த ஒரு கடிதம். தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்று பேங்க்கில் சொல்லியிருந்தார்கள். அத்தனை பெற்றோரில் அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார்.

"நீங்கதான் அக்கா கரெக்டா கார்டு கொண்டு வாரீக."

கையெழுத்து கிய்யெழுத்துப் போட்டுவிடாதே என்று கணவர் சொல்லி அனுப்பினார். நிலாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் அடையாள அட்டை கேட்டதும் செக்கிங் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. முறையாகக் கேட்கிறார்களே என்று. அவர் நீட்டியதை அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"இவர ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா மேடம்?"

தினமும் என் பிள்ளையை நம்பி விட்டுவிட்டு வருகிற மனிதர். அதைச் சொல்லியிருக்கலாம். "ஸ்கூல்ல... பாத்திருக்கேன்" என்றேன்.

"இவரு பேரு?"

எனக்குத் தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர், "பேரே தெரியாமயா கூட்டிட்டு வந்தீக?" என்று சிரித்தார்.

செக்கிங் எனக்காகப் பரிந்து பேசினார். "அக்கா செய்யுறது சரிதான். தெரியாததத் தெரியும்னு சொல்லக் கூடாதுல்லா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது என் துப்பட்டாவைப் பிடித்திருந்த நிலா கையை விட்டாள். நிமிர்ந்து நின்றாள்.

"பேரு தில் பகதூர் குன்வர். அப்பா பேரு மான் பகதூர் குன்வர். ஊரு நேபாளத்துல அச்சாம். பாப்பா பேரு சுனிதா. பாப்பா மூணாப்பு."

நான் தாமதமாகப் போகிற நாட்களில் கேட்டில் நடந்திருக்கிற செக்கிங் அது. அவர் இவளைக் கேட்பார். பிறகு இவள் அவரைக் கேட்பாள், ஊரில் இருக்கிற அவர் மகள் வரைக்கும்.

பக்கத்து மேஜையில், தமிழ் தெரியாதவர் என்று ஊரே முணுமுணுக்கும் வடநாட்டு அதிகாரி எழுந்து வந்து சான்றை வாங்கினார். இந்தி எழுத்துதான், அவருக்குத் தெரியும். தில் பகதூர் குன்வர், மான் பகதூர், அச்சாம் என்று அவர் வாசிக்க வாசிக்க, நிலா சரி சரி என்று தலையாட்டினாள். மேனேஜர் மேலிடத்தில் போனில் கேட்டு, இந்தச் சான்றே போதும், அறிமுகக் கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார். போட்டேன். நிலாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தால் பேனாவை அவளிடமே கொடுத்திருப்பேன்.

பாஸ்புக் வந்த அன்று கேட்டில், "வணக்கம், தில் பகதூர் அண்ணே" என்றேன். நாக்கில் அந்தப் பெயர் புதிதாக இருந்தது. அவர் பாஸ்புக்கைத் திறந்து போட்டோ இருந்த பக்கத்தை என்னிடம் காட்டினார். போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "சரியா இருக்கு" என்றேன். வாயெல்லாம் சிரிப்பாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கையை நீட்டினார்.

"கார்டு, அக்கா?"

நிலா இப்போது பெரிய பள்ளிக்குப் போகிறாள். அங்கே வாட்ச்மேன் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பிள்ளையை அனுப்பிவிடுகிறார். நான்தான் கேட்டருகே போனதும் பைக்குள் கையை விட்டு, அந்தப் பழைய கார்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.