சில்லிருந்தும் ஓடாத வீட்டிலிருந்து சம்பந்திக்கு

ஹேஸ்டிங்ஸ், இங்கிலாந்து.
ஆவணி, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி நாகபூசணி அம்மா அவர்களுக்கு, வேலணை அன்னபூரணம் கைகூப்பி எழுதிக்கொள்வது. நெடுந்தீவில் தாங்களும் தங்கள் ஆடு மாடுகளும் கிணற்றுத் தண்ணீரும் குறைவில்லாமல் இருக்க அம்மாளாச்சியை வேண்டுகிறேன். இங்கே என் மகன் வசீகரன் சுகம். தங்கள் மகள் தர்சினியும் சுகம். நானும் சுகம் என்று ஒரு வரியில் முடிக்கத்தான் விருப்பம். ஆனால் கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டு அதைத் தாங்களே தீர்மானிப்பது நல்லது.

தொலைபேசியில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் பக்கம் காற்றடித்தால் நான் சொல்வதில் பாதி கடலுக்குள் விழுந்துவிடுகிறது, மற்றப் பாதியை உங்கள் பக்கத்து வீட்டார் கேட்டுவிடுகிறார்கள். ஆகவேதான் கடிதம்.

முதலில் முறைப்பாடு. அது உங்கள் மகள் மேல்தான். நான் லண்டனுக்கு வந்து மூன்றாம் கிழமை, "மாமி, கடற்கரைக்கு விடுமுறை போறம், கரவன் எடுத்திருக்கு" என்றாள். எனக்குக் கடல் என்றாலே வயிறு புரளும் என்று தெரிந்தும் கடற்கரை! நல்லூரில் கொடியேறித் திருவிழா நடக்கிற நாளில் விடுமுறை! சரி, பெரிய விடுதியாக இருக்கும் என்று நினைத்து என் நல்ல சேலை இரண்டையும் எடுத்து வைத்தேன். இரண்டரை மணித்தியாலம் காரில் வந்து இறங்கினால், ஒரு மேட்டில் நூறு தகரப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அதுதான் கரவனாம், அதில் ஒன்றுக்குள் ஏறச் சொன்னார்கள். அடியில் சில்லு இருக்கிறதே, எப்போது புறப்படும் என்று மகனைக் கேட்டேன். "இது புறப்படாதம்மா, இப்பிடியே நிக்கும்" என்றான். ஓடாத வீட்டுக்குச் சில்லு எதற்கு, சில்லு வைத்த வீட்டுக்கு ஓட்டம் எங்கே என்று கேட்டால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். உள்ளே மேசையை மடித்தால் கட்டில், கட்டிலைத் தூக்கினால் பெட்டி, குசினிக்கும் கக்கூசுக்கும் நடுவே ஒரு பலகை. நான் கறி தாளிக்கும்போது பலகைக்கு அந்தப் பக்கம் என் மகன் இருமுகிறான். எங்கள் பரம்பரையில் யாராவது இப்படிச் சமைத்ததுண்டா, சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அம்மாளாச்சியை நினைத்து உழுந்து வடை சுட்டேன். நாலாவது வடையைத் திருப்பும்போது முகட்டில் ஒட்டியிருந்த வெள்ளைச் சிமிழ் ஒன்று காது கிழியக் கத்தத் தொடங்கியது. காஸ் சிலிண்டர்தான் வெடிக்கப் போகிறதென்று அகப்பையும் கையுமாய் வெளியே ஓடி, புல்லுக்குள் நின்று நானும் கத்தினேன். அக்கம்பக்கத்துத் தகரப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இருந்து சனம் வந்து பார்த்தது. அந்த இடத்துப் பொறுப்பாளர், வயதான வெள்ளைக்காரர், சைக்கிளில் ஓடி வந்தார். இனி எங்களைத் துரத்திவிடுவார் என்று நான் நினைக்க, உங்கள் மகள் ஒரு கோப்பையில் வடை வைத்து அவரிடம் நீட்டினாள். அவர் ஒன்று தின்றார், இன்னொன்று தின்றார், மூன்றாவதைக் கடதாசியில் சுற்றி மனைவிக்கென்று கொண்டுபோனார். சிமிழ் புகைக்குக் கத்துமாம், அதுதான் அதன் வேலையாம். எனக்கு முதலே சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்த நாள் மிச்ச வடையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். கோழியளவு வெள்ளைப் பறவை ஒன்று பின்னால் வந்து, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன வடையை விரலோடு சேர்த்துக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அதற்கும் உங்கள் மகள் சிரித்தாள்.

சரித்திரம் உள்ள ஊர், பார்க்கத்தான் வேண்டும் என்று என்னை மலைக்கு ஏற்றி ஒரு கோட்டையும் காட்டினாள். நின்ற சுவரை விட விழுந்த சுவர்தான் கூட. உங்கள் நெடுந்தீவில் இடிந்து கிடக்கும் கோட்டையை ஆடும் மாடும் சும்மா பார்க்கின்றன, இங்கே அதற்கும் டிக்கெட். கிட்டத்தட்ட ஆயிரம் வருசத்துக்கு முந்தி, அக்கரையில் இருந்து ஒருத்தன் கப்பலில் வந்து சண்டை பிடித்து நாட்டையே எடுத்துவிட்டானாம். எங்களுக்குப் பறங்கி வந்தது மாதிரி இவர்களுக்கும் ஒருத்தன் வந்திருக்கிறான் என்று கேட்க, வடை போன கவலை கொஞ்சம் ஆறியது.

இனி எழுதப்போவது முறைப்பாடு இல்லை.

இந்த ஊர்க் கடற்கரையில் மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல்லு. மீன் பிடிக்கிற வள்ளங்களை அந்தக் கல்லு மேல் இழுத்து ஏற்றுகிறார்கள். உங்கள் மகள் அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"பிள்ளை, காத்துக்குள்ளை நிண்டு தடிமன் பிடிக்கப் போகுது, வா" என்றேன்.

"நீங்கள் போங்கோ மாமி. இந்த வள்ளம் ஏறினாப் பிறகு வாறன்."

ஒரு வள்ளம் ஏறியது. இன்னொன்றும் ஏறியது. அவள் வரவில்லை. எனக்குக் கோபம் வந்து, ஊரிலை இல்லாத வள்ளமா, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தது என்று மகனிடம் கேட்டேன். அவன் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய்ச் சொன்னான்.

"அம்மா, போன வருசம் மாமா, இவளின்ரை அப்பா, செத்த செய்தி வரேக்கை நாங்கள் இஞ்சைதான் நிண்டனாங்கள். அவளுக்கு அப்ப விசாக் கடதாசி வரேல்லை. வெளிக்கிட்டா திரும்பி வரேலாது. அழக்கூட இல்லை. நேரை இந்தக் கல்லிலை இறங்கிப் போய், கடலுக்குள்ளை தலைமுழுகினவள். நான் துவாயோடை கரையிலை நிண்டனான். வருசம் திரும்பேக்கை இஞ்சை வந்து நிக்கவேணும் எண்டு தைமாசமே இந்தக் கரவனைப் பதிஞ்சு வைச்சிட்டாள்."

அந்தத் தண்ணீரில் நான் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன், சம்பந்தியம்மா. எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகன் பாலும் பாணும் வாங்கப் போன நேரம் பார்த்து மழையும் காற்றும் வந்தது. தகரத்தின் மேல் கொட்டுகிற சத்தம், யாரோ மூட்டை மூட்டையாய்க் கல்லுக் கொட்டுவது மாதிரி. பெட்டி ஆடத் தொடங்கியது. மேசையில் இருந்த கோப்பை தானாக நகர்ந்தது. நான் கதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன்.

உங்கள் மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "மாமி, சில்லுக்குக் கட்டை வைச்சுக் கிடக்கு. இது எங்கையும் போகாது."

"நீ சொல்லுவாய். நீ நெடுந்தீவுக்காரி, ஆட்டத்துக்குள்ளையே பிறந்தனீ!"

அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே இருந்தவள், "அப்பாவோடை படகிலை போற மாதிரிக் கிடக்கு மாமி" என்றாள். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு வருசத்து அழுகை, மச்சாள். சத்தம் போட்டு அழுதாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாளோ தெரியாது. அந்த ஒடுக்கமான இருக்கையில் அவள் தலையை என் மடியில் வைத்துத் தடவிக்கொண்டு இருந்தேன். அவளின் அப்பாவுக்கு, எங்கள் அண்ணைக்கு, பிடித்த கறி என்ன என்று கேட்டேன். திருக்கை வறை என்றாள். எப்படிக் காய்ச்சுவார்கள் என்று கேட்டேன், விக்கி விக்கிச் சொன்னாள். அதுக்குள்ளை பெட்டி ஆடினதோ, ஆட்டம் நின்றதோ, எனக்குத் தெரியாது. நனைந்து வந்த மகன் என்ன நடந்தது என்று கேட்டான். "ஒண்டுமில்லை, மழை" என்றோம் இரண்டு பேரும்.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அண்ணையின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. காலில் வீக்கம் என்று ஆள்விட்டுச் சொன்னேன். என் காலில் ஒரு வீக்கமும் இல்லை. அன்று காலை வெள்ளைச் சேலை உடுத்து, ஓட்டோ பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் வந்தனான். நெடுந்தீவுப் படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டு நின்றது. "அம்மா, கையைத் தாங்கோ" என்று ஒரு ஆள் கை நீட்டினார். எனக்குக் கால் எழும்பவில்லை. படகு என்னை விட்டுவிட்டுப் போனது. திரும்பி வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. கலியாணம் பேசி வரும்போதும் கடல் தாண்டிச் சம்பந்தம் வேண்டாம் என்று தடுத்தவள் நான்தான். உங்கள் பிள்ளை வரவே வழியில்லாமல் அந்நியக் கடலில் தலைமுழுகியிருக்க, ஒரு மணித்தியாலக் கடலுக்குப் பயந்து நான் திரும்பி வந்திருக்கிறேன். விமானத்தில் எத்தனையோ கடல் தாண்டி வந்துவிட்டேன், அது கீழே கிடந்தபடியால் தெரியவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை, மச்சாள்.

புரட்டாதியில் ஊருக்கு வருகிறேன். வந்த கிழமையே உங்களிடம் வருவேன். சோளகக் காற்று அடங்கட்டும், வாடைக் காற்று தொடங்கட்டும் என்று சாக்குச் சொல்லமாட்டேன். வழியெல்லாம் சத்தி எடுத்தால் எடுக்கட்டும். நீங்கள் இறங்குதுறையில் வந்து நின்றால் போதும்.

ஒன்று மட்டும். உங்கள் மகள் நல்ல பிள்ளை, என் வயிற்றில் பிறந்திருந்தாலும் இதைவிட என்னைப் பார்த்திருக்க மாட்டாள். இதை அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு சொல்வழி கேளாள்.

உங்கள் வாசலில் விளக்கு எந்நாளும் எரியட்டும். வளவில் நிற்கும் சீவன்கள் எல்லாவற்றையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, வரப்போகிற
மச்சாள் அன்னபூரணம்

பிற்குறிப்பு: அம்மா, இது தர்சினி. எழுத்தைக் கண்டதுமே உங்களுக்கு விளங்கியிருக்கும். மழை பெய்த அண்டு மாமி தன்ரை மூக்குக்கண்ணாடிக்கு மேலையே இருந்திட்டா, அது ரெண்டு துண்டு. புதுசு எடுக்குமட்டும் பொறுக்க ஏலாது, இண்டைக்கே எழுதவேணும் எண்டு நிண்டா. முதல் வரியிலை இருந்து மாமி சொல்லச் சொல்ல எழுதினது நான்தான். முறைப்பாடு சொல்லேக்கை என்ரை முகத்தை நேரை பார்த்து, "வடிவா எழுது, ஒண்டும் விடாதை" எண்டவா. குறிகட்டுவான் கதை வந்ததும் யன்னல் பக்கம் திரும்பிட்டா. அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டதையும் அப்பிடியே எழுதச் சொன்னவா. நானும் தலை நிமிர்த்தாமல் எழுதினன். முடிஞ்சதும், "எங்கை, ஒருக்கா வாசிச்சுக் காட்டு" எண்டா. கோட்டை வரைக்கும் வாசிச்சன். அதுக்கு மேலை ஏலாமல் போச்சு. மிச்சத்தை இவர்தான் வாசிச்சவர்.