ரோஸ் சீராப்புக்கு மாமியார் செய்வினை

வெள்ளிக்கிழமை வந்தால் புக்கிட் செலம்பா கிராமத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது. சொட்டுச்சாமி வருகிறார்! உங்கள் ரத்தம் ஒரு சொட்டு போதும். மஞ்சள் தண்ணீரில் விட்டு விரலால் கலக்குவார். சிவந்தால் செய்வினை, தாயத்து வாங்கு. இதுவரை சிவக்காத தண்ணீரே இல்லை. ஊர் முழுக்கச் செய்வினை வைக்க எதிரிகளுக்கு லீவு எப்படிக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டத்தை வரிசைப்படுத்திய பரஞ்சோதியும் கேட்கவில்லை. ஆடு வளர்ப்பவர், ஊருக்கே புத்தி சொல்லித் தனக்கு மிச்சம் வைக்காதவர். அவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், முதுகுவலி.

"பேய் ஷிப்ட் வேலை பார்க்குது. அதான் வந்து வந்து போகுது," என்றார் சாமி, வெற்றிலையை மென்றபடி. "ஆட்டுப்பாலைக் காய்ச்சாம குடி."

குடித்தார். பேய் ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தது.

எழ முடியாமல் போன பரஞ்சோதியை மனைவி பிரேமாவதி சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் குணசுந்தரி ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தது: புருசெல்லோசிஸ். ஆட்டிலிருந்து தொற்றும் கிருமி. விட்டால் முதுகெலும்பைத் தின்னும்.

"சாமியும் ரத்தம்தானே பார்த்தாரு, டாக்டர்?" என்றார் பரஞ்சோதி.

"கிருமியை எதிர்க்க உடம்பு ஆன்டிபாடி தயார் பண்ணும், அண்ணே. உங்க ரத்தத்துல பிரிச்ச தெளிநீரைச் செத்த கிருமியோட கலந்தா, ஆன்டிபாடி இருந்தா திரியும். பக்கத்துலேயே நோயில்லாதவர் ரத்தத்தையும் சோதிப்பாங்க. அது திரியக்கூடாது. திரிஞ்சா டெஸ்ட்டே தப்பு. பச்சைப் பால் குடிச்சீங்களா?"

"மருந்துன்னு..."

"நோய்க்குப் பால் ஊத்தி வளர்த்த ஆளு நீங்கதான் லா!" என்றாள் பிரேமாவதி.

மாத்திரையில் தேறியதும் ஒரு வெள்ளிக்கிழமை பரஞ்சோதி குப்பியோடு போனார். "தம்பி ரத்தம், சாமி. அவனால வர முடியல."

சொட்டு விழுந்தது. விரல் சுழன்றது. சிவப்பு!

"மாமியார் செய்வினை!"

"இது கடையில வாங்கின ரோஸ் சீராப், சாமி, வெறும் சர்பத்து. இதுக்கு ஏது மாமியார்?"

பிரேமாவதி வாளித் தண்ணீரையும் புது மஞ்சள் தண்ணீரையும் வைத்தாள். "வெத்தலைச் சுண்ணாம்பு ஒட்டின விரலைக் கழுவிட்டு, இப்ப அதே சொட்டை விட்டுக் கலக்குங்க."

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்துச் சிவப்பு ஆரத்தி எடுத்த கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. சாமி மோட்டார் சைக்கிளைத் தேடினார்.

"வரிசை கலையாம நில்லுங்கன்னு கத்தினது யாரு?" என்றது ஒரு குரல்.

"நான்தான் லா. முட்டாளுங்க வரிசைக்கு நான்தான் முதல் ஆளு," என்றார் பரஞ்சோதி.

பாலைக் காய்ச்ச அடுப்பு வேண்டும். காதில் விழுவதைக் காய்ச்ச மூளை போதும். அது எல்லார் தலையிலும் இருக்கிறது. பற்ற வைக்கத்தான் ஆளில்லை.