பரி அண்ணாச்சியின் தேவதை விசாரணை

ஓமானில் சோஹார் வட்டாரத்திலேயே தேவதையைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் பரி அண்ணாச்சி. தேவதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் துளியும் நம்பாத ஒரே ஆளும் அவர்தான்.

நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் நான் டைம்கீப்பர். அவர் தண்ணீர் டேங்கர் ஓட்டினார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. உருதுவில் ‘பரி’ என்றால் தேவதை. பாகிஸ்தான் டிரைவர்கள் வைத்த பெயர். அது தெரியாமல் புதிதாக வந்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர், பள்ளிக்கூடத் தமிழ் ஞாபகத்தில், “ஊர்ல எத்தனை குதிரைங்க வச்சிருந்தீங்க அண்ணாச்சி?” என்று பயபக்தியோடு கேட்டார்.

அண்ணாச்சி பார்த்த கதை ரொம்பச் சின்னது. மலையடிவாரத்தில், அரபியில் ‘வாதி’ என்கிற ஓடை ஒன்று. மழை பெய்தால் ஆறு, மற்ற நாளில் கூழாங்கல்லும் ஒரு குட்டையும். ஒரு காலை நேரம் அங்கே டேங்கரில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“உள்ளங்கை அகலம் இருக்கும். தண்ணிக்கு மேல நின்னுச்சு. என்னையப் பாத்துச்சு. நானும் பாத்தேன். பொறவு காங்கலை.”

“அழகா இருந்துச்சா அண்ணாச்சி?”

“கவனிக்கலை தம்பி.”

“பொண்ணா?”

“கேட்டுக்கிடலை.”

அவ்வளவுதான். எங்கள் கேம்பில் ஒருவன் பிடித்த மீன்கூட வாரத்துக்கு ஒரு முழம் வளரும். அண்ணாச்சியின் கதை மட்டும் எத்தனை வருஷமானாலும் ஒரு சொல் கூடியதில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. உலகத்தில் எந்த மூலையில் யார் தேவதைப் படம் போட்டாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசாரணைக்கு உட்கார்ந்துவிடுவார். “நூலு தெரியுது.” “வெயில் இந்தப் பக்கம், நெழலும் இந்தப் பக்கமா?” என்று ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்வார். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இரண்டு பெண்பிள்ளைகள் காகிதத்தில் தேவதைகளை வெட்டி, தொப்பி ஊசியில் நிறுத்திப் படமெடுத்து, பெரிய பெரிய மனிதர்களையெல்லாம் நம்பவைத்ததைச் சொந்த அத்தை மகள்கள் செய்த சேட்டைபோலச் சொல்வார். அதே நாட்டில் இன்னொருவர் முட்டாள்கள் தினத்துக்காகச் செத்த தேவதை ஒன்றைச் செய்து காட்டினாராம். பிறகு “நான்தான் செய்தேன்” என்று அவரே ஒப்புக்கொண்டும் சிலர் விடவில்லையாம்.

“அந்த மனுசன் பாடு என்னாயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க” என்பார் அண்ணாச்சி. அந்தப் பாடு எங்கள் கேம்புக்கே வரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வெல்டர் செல்வம், அரியலூர்க்காரன், சும்மா இருக்க முடியாத பிறவி. குழந்தைகள் ஷாம்பூ வந்த அட்டைப்பெட்டியில் சிறகோடு ஒரு தேவதை இருந்தது. அதைக் கத்தரித்து, வாதிக்குப் போய் ஒரு நாணல் தண்டில் குண்டூசியால் குத்தி, தூரத்திலிருந்து போனில் படமெடுத்தான். ‘அண்ணாச்சி சொன்னது நெஜம்!’ என்று கேம்ப் குரூப்பில் போட்டுவிட்டான்.

அண்ணாச்சி அப்போது சிக்னலே இல்லாத மலை சைட்டில் இருந்தார். அவர் திரும்புவதற்குள் படம் மஸ்கட் போய், ஊருக்குப் போய், அரியலூரிலிருந்து செல்வத்துக்கே திரும்பி வந்துவிட்டது. மலையாளிக் கேம்ப் பாஸ் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மெஸ்ஸில் மாட்டினார்.

வண்டியைவிட்டு இறங்கிய அண்ணாச்சிக்கு மாப்பிள்ளை வரவேற்பு. மெஸ்ஸில் முதல் தட்டு அவருக்கு. ரூமில் ஏசி ரிமோட்டையே அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். கேம்பில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது செங்கோல்.

அண்ணாச்சி எதையும் கவனிக்கவில்லை. நேராகச் செல்வத்திடம் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“எடே, நீயும் பாத்தியா? நெஜமாவா?”

அவர் கண் கலங்கியிருந்தது. செல்வம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

பிறகு அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஸ் சுவர் அருகே போனார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்துக் கேம்ப்களிலிருந்து கூட்டம் வந்துவிட்டது. ஒருவர் ஊதுபத்தி கொண்டுவந்தார். இன்னொருவர், “லீவு சாங்ஷன் ஆகணும்னு அதுங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

“இது போலி. சிறகு ஓரத்துல பாருங்க, அரபியில எழுதியிருக்கு. இருநூத்தம்பது மில்லி. தேவதையைப் பாட்டில்லயாய்யா அடைச்சு விக்காங்க?”

ஒருவரும் சிரிக்கவில்லை. “அண்ணாச்சிக்குப் பொறாமை. தனக்கு மட்டும்தான் தெரியணும்னு பாக்குறாரு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. செல்வம் பதறிப்போய் முன்னால் வந்தான். “சத்தியமா நான்தாங்க கத்திரியில வெட்டுனேன்!”

“எவ்ளோ அடக்கமா பேசுறான் பாரு” என்றார் ஊதுபத்திக்காரர்.

கேம்ப் பாஸ் படத்துக்கு முன்னால் அரணாக நின்றார். “இது ஒறிஜினல் ஆணு!”

அண்ணாச்சி பெஞ்சிலிருந்து இறங்கினார். “எடே செல்வம், மிச்ச அட்டை இருக்கா? எடுத்துட்டு வா.”

எல்லோர் முன்னிலும் இன்னொரு தேவதையை வெட்டச் சொன்னார். கேட் நோட்டீஸ் போர்டிலிருந்த கேம்ப் பாஸின் பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துவந்து, தலையில் ஒட்டினார். வாசலிலிருந்த புதினாத் தொட்டியில் குத்தி, படமெடுத்துக் குரூப்பில் போடவைத்தார். அடுத்த நிமிஷம் எல்லா போனும் ஒன்றாகக் கூவின. முரட்டு மீசையும் ரோஸ் சிறகுமாகக் கேம்ப் பாஸ் புதினாவின்மேல் பறந்துகொண்டிருந்தார்.

மெஸ்ஸே அதிர்ந்தது. கேம்ப் பாஸ் போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். “கலாஸ்”, முடிந்தது என்று அரபியில் சொல்லிச் சட்டத்தைக் கழற்றினார்.

அன்று சாயங்காலமே ஏசி ரிமோட் பழைய கைக்குப் போய்விட்டது. மெஸ் வரிசையில் அண்ணாச்சி மறுபடி கடைசி. எனக்கே பொறுக்கவில்லை.

“பேசாம இருந்திருக்கலாமே அண்ணாச்சி. ராஜா மாதிரி இருந்திருப்பீங்க.”

“நான் பாத்தது என்னன்னு எனக்கே தெரியாது தம்பி. தட்டானா இருக்கலாம். வெயிலு தண்ணியில பட்டு வந்த வெளிச்சமா இருக்கலாம். பரின்னு சொன்னது அந்த டிரைவருங்கதான். தெரியாத ஒண்ணு மேல பொய்ய ஒட்டிட்டா, பொறவு அதைத் தேட முடியாதுல்லா?” பிறகு சொன்னார்: “ஆனா ஒரு நிமிசம் நெனச்சேன், இன்னொருத்தனும் பாத்துட்டாம்னு. நல்லாத்தான் இருந்துச்சு.”

இப்போது அவர் ஊரோடு போய்விட்டார். நான் இங்கேயேதான் இருக்கிறேன், இப்போது குடும்பத்தோடு. விடுமுறையில் வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த வாதிக்குப் போவதுண்டு. கேம்ப் குரூப்பில் நான் போடும் படத்தைப் பார்த்து அன்று மாலையே போன் செய்வார்.

“என்னமும் கண்ல பட்டுச்சா தம்பி?”

“ஆமாம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று எனக்குத் தெரியும். ஆபீஸிலும் வீட்டிலும் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் கூசாமல் சொல்கிறேன். அவரிடம் மட்டும் வாய் வருவதில்லை.

“இன்னும் இல்ல அண்ணாச்சி” என்கிறேன்.