நாலடிச் சுக்கானும் இடுப்பளவு ஏரியும்

அளப்பதில் நான் கெட்டிக்காரன் என்று உங்களிடம் பலமுறை பீற்றியிருக்கிறேன், பிள்ளைகளே. ஒரே ஒருமுறை அளக்காமல் விட்டேன். உங்கள் அம்மா அதைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டு திரிவதால், நானே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம் கம்பெனியில் தொழிலாளர் குடும்ப விழா. பிள்ளைப்பாக்கம் ஏரியில் பாய்மரப் படகுப் போட்டி, கம்பெனியின் ஒவ்வொரு உற்பத்தி லைனுக்கும் ஒரு படகு. ஜெயிக்கிற லைனுக்குப் பொங்கல் மூன்று நாளும் லீவு. மற்றவர்களுக்கு ஷிப்ட். (மூன்று வருடமாக நான் பொங்கலுக்குத் திண்டிவனம் போகவில்லை. மாமியார் வீட்டுக்கு இந்த முறை சேர்ந்தே போகிறோம் என்று உங்கள் அம்மா பையே கட்டிவிட்டாள்.)

இரண்டு வரிசை பிளாஸ்டிக் டிரம், நடுவில் இரும்புச் சட்டம், பாய்க்குப் பழைய பேனர். இதுதான் படகு. அதைத் திருப்பப் பின்னால் தொங்கும் தகடுதான் சுக்கான். டிரம் வரிசைக்கு ஒன்றாக இரண்டு. அது என் பொறுப்பு.

முதலில் தோசைத் திருப்பி மாதிரி குட்டையாக, அகலமாகச் செய்தேன். காற்று அடித்ததும் படகு ஒரு பக்கம் தூக்கியது. அந்தப் பக்கத்துச் சுக்கான் அந்தரத்தில் விசிறிக்கொண்டிருக்க, மற்றது தனியாகத் திணறியது. நேராகப் போய்க் கோரைப்புல்லில் சொருகினோம்.

"இன்னா மாமே, போட்டிக்கினு சொல்லிட்டு புல்லு அறுக்க இட்டாந்துட்டே?" என்றான் என்னோடு படகில் இருந்த குமார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செல்போனில் தேடினேன். ஒல்லியாக, நீளமாக இருந்தால் படகு சாய்ந்தாலும் நுனி தண்ணீரை விடாதாம். அப்படியென்றால் இன்னும் நீளம் இன்னும் நல்லதுதானே! தண்ணீருக்குள்ளேயே நாலடி இறங்குகிற மாதிரி இரண்டு தகடு வெட்டி, அரை மில்லி பிசகாமல் தேய்த்தேன். மதகுப் பக்கம் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு விரலால் தள்ளினாலே படகு சொன்ன பேச்சு கேட்டது.

போட்டியில் பாதி வழிவரை நாங்கள்தான் முதல். அக்கரையோரம் மிதந்த மஞ்சள் கேனைச் சுற்றித் திரும்பினால் போதும்.

"இப்போ பாருடா குமாரு!"

சரக்கென்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. குமார் நிற்கவில்லை, பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தான். எழுந்து நின்றால் தண்ணீர் அவன் இடுப்புக்குத்தான் இருந்தது.

"யோவ் மாமே, இங்க ஏரியே இவ்ளோதான் கீது! நாலடிய எங்க வுட்டுக்கப் போற?"

இரண்டு சுக்கானும் வேலிக்கல் மாதிரி சேற்றில் நட்டுக்கொண்டு நின்றன. நாங்கள் தள்ளத் தள்ள இன்னும் இறங்கின. குட்டைச் சுக்கான் வைத்த பெயின்ட் ஷாப் லைன் படகு ஆடி அசைந்து வந்து, எங்களைச் சுற்றிக்கொண்டு, கைகாட்டிவிட்டுப் போனது.

கரையிலிருந்து அம்மா குரல் கேட்டது. "ஏங்க, அழுத்தித் தள்ளுங்க! பை கட்டி வெச்சிக்கிறேன்!"

கடைசியில் கயிறு போட்டு டிராக்டர்தான் இழுத்தது.

பொங்கலுக்கு அந்தப் பையோடு நீங்களும் அம்மாவும் மட்டும் பஸ் ஏறினீர்கள். நான் ஷிப்டில் நின்றேன். அன்று காலை திண்டிவனத்திலிருந்து உங்கள் பாட்டி போன் செய்தார். "மாப்ளே, உங்கள வெளிய எடுத்துட்டாங்களா, இன்னும் அங்கியேதான் நிக்கிறீங்களா?"

இப்போதெல்லாம் லீவு கிடைத்து நேரிலேயே போகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே அதே கேள்வி.

"எடுத்துட்டாங்க அத்தே" என்று வருடா வருடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.